பாய்லருக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

ஆரணியில் எங்கள் சாயப்பட்டறைக்கு பாய்லர் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். என்னைவிடச் சற்று உயரம். நிறுத்திவைத்த பீப்பாய் மாதிரி. அடியில் விறகு எரியும். புகை உள்ளேயிருக்கும் குழாய்கள் வழியே மேலேற, அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீர் ஆவியாகும். உச்சியில் ஒரு நெம்புகோல். ஆவி அளவு மீறினால் அது தானாக எழும்பி ஆவியை வெளியே விட்டுவிடும். இதையெல்லாம் பொருத்த வந்த ஃபிட்டர் விளக்கியபோது என் அண்ணன் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தார்.

திரும்பி வந்தவருக்குப் பழம் கட்ட அந்த நெம்புகோல்தான் தோதாகப் பட்டது. அது ஆடியது அவருக்குப் பிடிக்கவில்லை. தறியில் எது ஆடினாலும் இறுக்கிக் கட்டிப் பழகிய கை. மஞ்சள் தடவிய பட்டு நூலைப் பல இழையாக முறுக்கி, பழத்தையும் நெம்புகோலையும் சேர்த்துக் கீழேயிருந்த குழாயோடு பிணைத்துவிட்டார். ஃபிட்டர் குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. ஒன்பது வயது என் மகள் கற்பூரம் ஏற்றி அடுப்பில் போட்டாள்.

ஆவியின் அழுத்தம் காட்டும் வட்டத்தில் முள் ஏற ஏற நாங்கள் சுற்றி நின்று சந்தோஷப்பட்டோம். அது சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். விறகை வெளியே இழுத்துப் போட்டபடியே கத்தரி கேட்டார். அங்கிருந்த எல்லோரிடமும் கத்தரி இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. பூஜைக்குக் கட்டிய நூலை அறுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

"அறுக்கறது ஆகாதுங்க," என்றார் அண்ணன். "முடிச்ச அவுத்துக்கலாம். நான் போட்டதுதானே?"

"அவுக்கறதுக்குள்ள கூரை போய்டும். ஜல்தி குடுங்க."

அண்ணன் நகத்தால் முயன்றார். முடிச்சு அசையவில்லை. சின்னப் பிள்ளை விரலுக்குத்தான் வரும் என்று யாரோ சொன்னார்கள். நூல் சிக்கெடுப்பதில் என் மகள் கெட்டிக்காரி. நான் திரும்பியபோது அவள் முக்காலியில் ஏறி நின்றிருந்தாள். நெம்புகோலுக்கு நேராக அவள் முகம். அந்தக் காட்சி இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் தேங்கிய சாயத் தண்ணீரில் விழுந்தோம்.

ஃபிட்டர் எரியும் விறகொன்றை எடுத்து, ஒதுங்கி நின்று நூலில் பிடித்தார். பட்டு எரிய, மயிர் கருகும் நாற்றம். நூல் விட்டது. ஆவி சீறியது. பழம் போன இடம் தெரியவில்லை.

அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். "அறுக்கலையே. அக்கினியே எடுத்துகினாரு."

பிறகு, வேறு பழம் கட்டவேண்டும் என்று மகளை நூல் கொண்டுவரச் சொன்னார்.

"கைய வுடுப்பா, பெரிப்பா கூப்புடறாரு," என்றாள்.

நான் விடவில்லை. அவளை அந்தப் பக்கம் அனுப்பமாட்டேன் என்றேன். அண்ணனை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அன்று அவர் பயந்தது அதற்கு மட்டும்தான்.