பழனி கட்டிய முடிச்சு

"உங்க அப்பா எங்கமா?" பழனி அன்று முதலில் கேட்டது அதுதான்.

"வாலாஜாபாத் போயிருக்காரு அங்கிள். ரைஸ் மில்லுல இன்வெர்ட்டர் வேலை" என்றாள் ஷாரோன்.

"நெசமாவே போயிருக்காரா, இல்ல உள்ள உக்காந்துகினே போயிருக்காரா?"

"போயிருக்காரு."

"சரி, நீயே சொல்லு. மூணு மாசத்துக்கு முன்னாடி என் வண்டியில ஒரு பேட்டரி வெச்சாரே, அது புதுசா?"

"புதுசுதான். நான்தான் வாரண்டி கார்டுல சீல் போட்டேன்."

"கார்டு புதுசு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் பேட்டரியைக் கேக்கறேன்."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"பழசு நாலு வருசம் ஓடிச்சு. ஒரு நாள் மக்கர் பண்ணல. இது மூணு மாசத்துல மூணு தடவ படுத்துகிச்சு. காலையில போனா கதவு தொறக்கல. டிக்கி தொறக்கல. கடியாரம் பன்னண்டுலயே நிக்குது. ஸ்கிரீன்ல எல்லா வெளக்கும் தேர் மாதிரி எரியுது. இதுக்கு இன்னாமா அர்த்தம்?"

"பார்த்தாதான் தெரியும் அங்கிள்."

"யாரு பார்க்கறது? வெச்சவரே பார்த்தா, வெச்சது நல்லாத்தான் இருக்குதும்பாரு."

"நான் பார்க்கறேன்."

"நீ யாரு பொண்ணு?"

பழனி குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப்போல.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள இன்னான்னு தெரியலன்னா, டேனியல் பேட்டரிய மாத்திட்டாருன்னு ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொல்லிடுவேன். இப்பவே ரெண்டு பேருக்குச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். வண்டி ஒன்றும் தூரத்தில் இல்லை. கடை வாசலில், அவர் கை நீட்டினால் தொடும் இடத்தில்தான் நின்றது. பேசிய நேரம் முழுவதும் அவருடைய ஒரு கண் அதன்மேல்தான் இருந்தது.

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்பது ஷாரோனுக்குத் தெரியும். ஏகாம்பரநாதர் சன்னதித் தெருப் பக்கத்து ஸ்டாண்டில் பதினாறு கார்கள். பதினாறுக்கும் பேட்டரி, டைனமோ, விளக்கு எல்லாம் அவள் அப்பா டேனியலின் கடையில்தான். டிரைவர்கள் மொத்தமாக ஒரு கடைக்கு வருவார்கள், விட்டால் மொத்தமாக விடுவார்கள். டேனியல் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். கடையில் படிப்பு என்று சுவரில் மாட்டியிருந்தது மகளின் டிப்ளமோ சான்றிதழ். ஆனால் ஆட்கள் வந்தது அவர் பெயருக்காக.

பழனியின் சந்தேகம் ஊரறிந்தது. தென்னேரிக்காரர். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தும், இருபத்திரண்டு வயதிலேயே லாரி ஓட்ட வந்துவிட்டவர். ஸ்டாண்டில் மற்றவர்கள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பழனிக்கு மட்டும் கிளாஸ் காரின் கதவுக்கு வரும். கல்யாணச் சத்திரத்துக்குப் போனால் ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றைப் பந்திக் கூடத்தின் பின்பக்கமும் விட்டுவிட்டுப் போவார். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான் என்பது அவர் கணக்கு. ஒருமுறை அந்த இரண்டாவது செருப்பு எங்கே என்று அவருக்கே மறந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் தேடினார்கள்.

அவருடைய கார் பெட்ரோலிலும் பெரிய பேட்டரியிலும் ஓடும் பதினொரு வருடத்து ஹைபிரிட். சென்னையில் ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கியது. பட்டுப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களை அதில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போவார். சத்தமே இல்லாமல் நகரும் வண்டி என்பதில் அவருக்குப் பெருமை. அந்த வண்டியில் கழற்றக்கூடிய எதையும் அவர் நூல் கட்டாமல் விட்டதில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்ரோல் மூடி, பேட்டரி எல்லாவற்றிலும் ஒரு நூலும், அவரே கண்டுபிடித்த ஒரு முடிச்சும் இருக்கும். முடிச்சு கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அவர் மனைவி பொன்னியம்மாள் ஒருமுறை கடைக்கு வந்தபோது, "என் கழுத்துல போட்ட மூணு முடிச்சை மட்டுந்தாம்மா இந்த மனுசன் திரும்பி வந்து பார்க்கல" என்று சொல்லிச் சிரித்தாள். பழனி சிரிக்கவில்லை.

டேனியல் அன்று மதியம் திரும்பி வந்ததும் ஷாரோன் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அந்த ஆளு கோயில் பிரசாதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் வாயில போடுவாரு. வுடுமா."

"வெள்ளிக்கெழம வரைக்கும்னு சொன்னாருபா."

"பெரிய பேட்டரி போயிருக்கும். வண்டிக்கு வயசாயிடுச்சுல்ல."

அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டுவதற்கு ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆணி இருபது வருடமாக அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஷாரோனுக்குள் ஏதோ உறுத்தியது. மூன்று மாதத்துக்கு முந்தைய அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். கடைத் தரையில் ஒரே கம்பெனியின் இரண்டு பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பழனிக்கு வந்த புதுசு. இன்னொன்று யாரோ சார்ஜ் போடக் கொடுத்த பழசு. அவள் சாப்பிடப் போயிருந்தாள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணாடி போடாமல் வேலை செய்கிறவர். கை தவறி மாற்றி வைத்திருந்தால்? பிறகு தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்? இப்படி நினைத்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. நினைப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

மாலையில் டேனியல் சற்றுக் கண்ணயர்ந்தபோது, கடைக்குப் பின்னால் காயலான் கடைக்காகக் குவித்திருந்த பழைய பேட்டரிகளை, பழனிக்கு வந்த புதுசு தவறி அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடியில் ஒன்றின்மேல் சிவப்புப் பட்டு நூல் சுற்றியிருந்தது, பழனியின் முடிச்சோடு. புதுசுதானோ என்று குனிந்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். அது அவருடைய நாலு வருடத்துப் பழைய பேட்டரிதான். வேறு எதிலும் நூல் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது அப்பா விழித்திருந்தார்.

"பின்னாடி இன்னாமா பண்ணிகினு இருந்த?"

"சும்மாபா" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் கார் நாலாவது முறையாகப் படுத்துக்கொண்டது. பழனி இன்னொரு டிரைவரின் வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்துக் கிளப்பி, கடை வாசலுக்குக் கொண்டுவந்தார். டேனியல் எழுந்து வந்தார். பழனி கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வேணாம் டேனியலு. பாப்பா பார்க்கட்டும்."

டேனியல் திரும்பி உள்ளே போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான், இது பதினாறு கார் விஷயம் மட்டும் இல்லை என்று ஷாரோனுக்குப் பட்டது.

ஸ்கேனரைச் செருகினாள். ஸ்கிரீனில் முக்கோணம், பிரேக், ஹைபிரிட் எச்சரிக்கை எல்லாம் வரிசையாக நின்றன. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியின் செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வயதுக்குத் தகுந்த தளர்ச்சிதான். எதுவும் சாகவில்லை. வண்டியின் ஆங்கிலக் கையேட்டை முந்தின இரவே போனில் படித்து வைத்திருந்தாள்.

"பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்குது அங்கிள். ஆனா அது தானா எழுந்துக்காது. டிக்கியில இருக்கற சின்ன பேட்டரிதான் எழுப்பணும். சின்னது பலவீனமா இருந்தா, வண்டிக்கு எதைப் பார்த்தாலும் தப்பாத் தெரியும். எல்லா வெளக்கையும் போட்டுடும்."

"என்னை மாதிரின்னு சொல்ற" என்றார் பழனி.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தாள். ஓரத்து மூடியைக் கழற்றி, பேட்டரியின் எண்ணைக் கார்டோடு ஒத்துப்பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக. எல்லாம் சரியாக இருந்தது. அப்பா எதையும் மாற்றி வைக்கவில்லை.

"ஸ்டிக்கரை மாத்தி ஒட்டலாம்" என்றார் பழனி.

"இது ஸ்டிக்கர் இல்ல. அச்சுலயே வந்தது. தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"அப்போ கரண்ட் எங்கதான் போவுது?"

"அதைத்தான் பார்க்கணும். வண்டி தூங்கினாதான் தெரியும். நீங்க சாவியை எடுத்துகினு தள்ளிப் போயிடுங்க. சாவி பக்கத்துல இருந்தா வண்டி முழிச்சுகினே இருக்கும்."

"எவ்ளோ தூரம்?"

"அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும்."

இருபத்தைந்து அடி. பழனிக்கு அது தென்னேரி வரை போகச் சொன்னது போல இருந்தது. வண்டியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போனார். ஒரு சைக்கிள்காரன் அவரைத் திட்டிவிட்டுப் போனான். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று, இடுப்பில் சாவியைப் பிடித்தபடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கி மூடியிருப்பதாக வண்டி நம்பட்டும் என்று ஷாரோன் ஸ்குரூ டிரைவரால் பூட்டின் நாக்கை அழுத்தி வைத்தாள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை இணைத்தாள். அரை மணி நேரம் காத்திருந்தாள். தூங்கும் வண்டி கொசு குடிக்கிற அளவுக்குத்தான் கரண்ட் எடுக்க வேண்டும். மீட்டர் இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஒரு ராத்திரி நின்றால் போதும், பேட்டரி பாதி காலி.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எண் இறங்கவில்லை. எந்த ஒயரிலும் போகாத கரண்ட் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் குனிந்து பேட்டரியை மட்டும் பார்த்தாள். பிளஸ் முனையின் கவ்வியிலிருந்து, பேட்டரியை அசையாமல் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை வரைக்கும் ஒரு நூல் போயிருந்தது. துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய வாஸ்லினில் பாதி மறைந்திருந்தது. பழனியின் முடிச்சுதான். ஆனால் நூல் சிவப்பு இல்லை. தங்க நிறத்தில் மின்னியது. நடுவில் ஓரிடத்தில் கருகியிருந்தது. விரல் வைத்தாள், சுட்டது.

அவள் சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்ததும் பழனி சாவியோடு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஓடி வந்துவிட்டார்; பியூஸ்கள் வெளியில் இருந்ததால் வண்டி விழிக்கவில்லை.

"முடிச்சு மேல கை வெக்காத! அது என் சீலு!"

"இது ஜரிகையா அங்கிள்?"

"ஆமா. சிவப்புப் பட்டு இந்த ஊர்ல எந்தத் தெருவுலயும் கெடைக்குது. அவுத்துட்டு எவன் வேணா அதே மாதிரி கட்டிடுவான். அதான் புது பேட்டரிக்கு ஜரிகை. குப்புசாமின்னு ஒரு நெசவாளி குடுத்தான். அசலுன்னான். எனக்கு அதுலயும் சந்தேகந்தான்."

ஷாரோன் முடிச்சைத் தொடாமல், நூலை ஓரிடத்தில் கத்தரியால் வெட்டினாள். மீட்டரில் எண் சட்டென்று இறங்கி, கொசு குடிக்கிற அளவுக்கு வந்து நின்றது. பழனி மீட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பண்ண?"

அவள் வெட்டிய துண்டின் இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தாள். மீட்டர் கீ என்று கத்தியது.

"நூலு எப்படிமா கத்தும்?"

"பட்டு கத்தாது. இது வெள்ளிக் கம்பி சுத்தின நூலு. நீங்க பிளஸ்ல இருந்து பாடிக்கு ஒரு ஒயர் இழுத்து வெச்சிருக்கீங்க. வாஸ்லின் கெட்டியா இருக்கும்போது சரியாத் தொடல. வெயில்ல உருகினா தொட்டுச்சு. அதான் ஒரு நாள் நல்லாருக்கும், ஒரு நாள் படுத்துக்கும். நல்லவேளை, வண்டி பத்திக்கல."

பழனி அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ குப்புசாமி குடுத்தது அசலா?"

"பிளாஸ்டிக் ஜரிகைன்னா இப்படிக் கத்தாது."

"அவனையும் திட்டிட்டேன்" என்றார்.

பியூஸ்களையும் ஒயரையும் மாட்டி, வண்டியின் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். ஸ்கேனரில் பழைய எச்சரிக்கைகளை அழித்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, முக்கோணம் கடைசியாக. பழனி ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. கடைக்குள்ளே பார்த்தார். டேனியல் இவர்கள் பக்கம் திரும்பாமல் ஏதோ ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சீவிய ஒயர்.

"வாலாஜாபாத் மில்லுல லாரி ஓட்டிகினு இருந்தேன்" என்றார் பழனி, கேட்காமலே. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தா புது பேட்டரி போயி பழசு உக்காந்துகினு இருக்குது. மொதலாளி நான்தான் வித்துட்டேன்னாரு. வேலை போச்சு. அதுகூடப் பரவால்ல. எங்க ஊர்ல இன்னிக்கும் என் பேரு பேட்டரி பழனி. நான் எடுக்கலமா."

ஷாரோன் தலையசைத்தாள். முந்தாநாள் மாலை பேட்டரிக் குவியலைப் புரட்டிய கை தன்னுடையது என்று அவளுக்கு நினைவு வந்தது. அதை அவரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் இதுவரை சொல்லவில்லை.

பழனி இடுப்பிலிருந்த சாவியை உருட்டினார்.

"ரெண்டு பேருக்குச் சொன்னேன்னு சொன்னேன்ல? நாலு பேரு. நம்ம ஸ்டாண்டு பாண்டியனுக்கும் சொல்லிட்டேன். அவன்கிட்ட சொன்னா மைக்செட்ல சொன்ன மாதிரி."

ஸ்டாண்டு டீக்கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அவர் அந்தத் திசையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அதன் பிறகு எத்தனையோ முறை அந்த வண்டி கடைக்கு வந்திருக்கிறது. பழனி அவளிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"நடந்தே போயி ஒரு டீ குடிச்சிட்டு, அவங்க நாலு பேருகிட்டயும் பேசிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் என் வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கறியாமா?"