விரதத்தில் நான் சொன்ன கொலைகாரன்

போன தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, இரண்டு வேளைக் குளியல், பொய் பேசக் கூடாது. முதல் மூன்றும் சுலபம். நான்காவதுதான் என்னைப் படுத்தியது. நான் லோரி ஓட்டுகிறவன். “எங்க அண்ணே இருக்கீங்க?” என்று போன் வந்தால் “இதோ வந்துட்டேன்” என்றுதான் வாய் தானாகச் சொல்லும். அந்த நாட்களில் மட்டும், “இன்னும் சுபாங் ஜெயாவே தாண்டலை” என்று உண்மையைச் சொல்லி ஏச்சு வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா டிவியில் ஒரு பழைய துப்பறியும் நாவலைத் தொடராகப் போடவேண்டும்! பெரிய பங்களா. பாலில் விஷம் கலந்து பணக்காரரைக் கொன்றுவிடுகிறார்கள். மருமகன், டாக்டர், தோட்டக்காரன் என்று மூன்று பேர் மேல் சந்தேகம். இளவயதில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு முடிவெட்டும் கடையில் முறைக்குக் காத்திருந்த நேரங்களில் அந்த நாவலை இரண்டு தடவை படித்திருக்கிறேன். அதைப் பெருமையாக வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

தினமும் ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி வந்துவிடுவார். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர். டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அதே குரல்தான். நான் சாமியறையில் உட்கார்ந்து கந்தனை நினைக்கப் பார்ப்பேன். காதில் விழுவதெல்லாம் கொலை.

“டாக்டர்தான் ஆன்டி. மூக்கைப் பாருங்க. நல்லவன் மூக்கு மாதிரியா இருக்கு?” இது என் மனைவி.

“மருமகன்லா! சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கலை, பாத்தியா?”

மூன்று வாரம் மூக்குக்கும் தட்டுக்கும் சண்டை நடந்தது. பிறகு ஆன்டிக்கு ஒரு யோசனை வந்தது. “ஏய், உன் வீட்டுக்காரர் புத்தகம் படிச்சவராச்சே. இப்பப் பொய் பேசவும் முடியாது. கேளு, கேளு!”

இருவரும் சாமியறை வாசலில் வந்து நின்றார்கள்.

“என்னங்க, டாக்டர்தானே?”

“கேக்காத. போய்ப் பாரு.”

“சாமி முன்னால கேக்கறேன். ஆமாவா, இல்லையா?”

முருகன் படத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், உதவிக்கு வரவில்லை. “இல்லை,” என்றேன்.

“அப்ப யாரு?”

“தோட்டக்காரன்.”

அவள் முகம் வாடியது கொஞ்ச நேரம்தான். பிறகு போனை எடுத்தாள். அந்தத் தொடரின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஊர் ஊராக ஆட்கள் கருத்துச் சொல்லி மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே எழுதிவிட்டாள்: “யாரும் சண்டை போடாதீங்க. கொலைகாரன் தோட்டக்காரன். என் வீட்டுக்காரர் கதை படிச்சவர். பால்குட விரதத்துல இருக்கார், பொய் சொல்ல மாட்டார்.”

கதையைக் கெடுத்துவிட்டாய் என்று பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர், “விரதத்துல சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கும்பிடு போட்டார்கள்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசிப் பகுதி வந்தது. தோட்டக்காரன் கத்தரியைக் கீழே வைத்தான். மீசையைப் பிய்த்தான். அவன் ரகசியப் போலீசாம்! டாக்டர் கையில் விலங்கை மாட்டினான். நாவலின் முடிவையே மாற்றிவிட்டார்கள்.

ஆன்டி சிரித்த சிரிப்பில் எங்கள் பூனை வெளியே ஓடியது. சிரிப்பு அடங்கியதும் புதிதாக வந்த கருத்து ஒன்றைச் சத்தமாக வாசித்தார்: “அக்கா, அங்கிள் நெசமாவே விரதமா, இல்ல கோழி சாப்பிட்டுட்டுச் சொன்னாரா?”

நாற்பத்தைந்து நாள் காத்த விரதம். பொய் சொன்ன வாயோடு மலையேறி முருகன் முன்னால் எப்படி நிற்பேன்? மறுநாள் காலையிலேயே கோயிலுக்கு ஓடிக் குருக்களிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“புத்தகத்துல யாரு?” என்றார்.

“தோட்டக்காரன்தான், சாமி.”

“அப்ப நீங்க பொய் சொல்லலை. டைரக்டர்தான் சொல்லியிருக்கார்.” நெற்றியில் விபூதி பூசிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா அது ஒட்டு மீசைன்னு எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்.”

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க விரதம் தப்பிச்சிருச்சு. என் கதை? முதல் வாரமே டாக்டர்னு கண்டுபிடிச்சேன். ஊரே பாக்க என்னையத் தோட்டக்காரன்னு எழுத வெச்சிட்டீங்களே.”

அவள் சொன்னது நியாயம். வெறும் மூக்கை வைத்தே பிடித்துவிட்டாளே! குடத்தில் பால் ஊற்றித் தருபவள் அவள்தான். மனத்தாங்கலோடு ஊற்றிய பாலைத் தலையில் வைத்துக்கொண்டு முருகனிடம் போக எனக்குத் துணிவில்லை.

ஆறாம் ஆண்டோடு நின்ற படிப்பு என்னுடையது. ஒரு மணி நேரம் எழுத்தெழுத்தாகத் தட்டி அந்தப் பக்கத்தில் போட்டேன்: “கொலைகாரன் டாக்டர் என்று என் மனைவி முதல் வாரமே கண்டுபிடித்தாள். நான் குறுக்கே பேசிக் கெடுத்துவிட்டேன். விரதத்தில் இருந்து சொல்கிறேன், இது உண்மை.”

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

“‘மனைவி’ன்னு மொட்டையாப் போட்டா யாருக்குத் தெரியும்லா? பேரைப் போடுங்க.”

போட்டேன். இனிஷியலோடு.