மிராசுதாரரின் ஆங்கிலம்

குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்த புதிது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. அப்பா உழுதுவந்த நான்கு மா நிலத்துக்கு அவர் பெயர் ஏறிவிட்டால் யாரும் நினைத்தபோது அவரை நிலத்தைவிட்டு இறக்கிவிட முடியாது. ஏறாவிட்டால் அடுத்த குறுவைக்கு அவர் வெறும் கூலியாள்.

மற்ற குத்தகைக்காரர்களோடு அப்பாவும் நானும் வரிசையில் நின்றோம். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருக்கு நாற்காலி. விசாரிக்க வந்த அதிகாரி குடித்துக்கொண்டிருந்த காபி மிராசுதார் வீட்டிலிருந்து வந்தது.

அப்பா வாயெடுத்ததும் மிராசுதார் ஆங்கிலத்துக்குத் தாவினார். அந்தப் பேச்சைக் கேட்டு மிரண்டு வளர்ந்தவன்தான் நானும். "ஸ்டார்ம் இன் எ டீ கப்" என்றார். ஒன்றுமில்லாததற்கு ஆர்ப்பாட்டமாம். "தின் எண்ட் ஆஃப் தி வெட்ஜ்" என்றார். இவனுக்கு இடம் கொடுத்தால் ஊரே வந்து நிற்குமாம். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "டர்ன் எ பிளைண்ட் ஐ." கண்டும் காணாமல் விட்டுவிடச் சொல்கிறார். அதிகாரி "ஐ ஸீ, ஐ ஸீ" என்று தலையாட்டினார்.

நான் படித்த கும்பகோணம் கல்லூரியில் இதையெல்லாம் பொருளோடு மனப்பாடம் செய்யாதவனுக்குப் பாஸ் கிடையாது. இரண்டு தலைமுறையாக எங்களை வாய்பொத்தி நிற்கவைத்த ஆங்கிலம், பரீட்சை நோட்ஸின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது.

"என்னப்பா பேசிக்கிறாங்க?" என்று அப்பா கேட்டார்.

வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நம்ம பேர ஏத்துனா எல்லார் பேரையும் ஏத்தணுமாம். அதனால கண்டுக்காம விட்ருங்கன்னு ஐயா சொல்றாரு. சார் சரிங்கிறாரு."

"நான் எங்கய்யா சரின்னேன்?" என்றார் அதிகாரி.

"பெரிய மனுசங்க பேசுறப்ப நடுவுல என்னடா?" என்றார் மிராசுதார்.

"எங்க நெலத்தப் பத்தித்தானுங்களே பேசுறீங்க."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப எங்க பேரும் ஏறாதுங்களா? தமிழ்லயே சொல்லிடுங்க சார், வேலைக்குப் போவணும்" என்றார். சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. மேசையைச் சுற்றி நெருங்கி வந்து நின்றார்கள்.

அதிகாரி டம்ளரை ஒதுக்கி வைத்தார். வாய்க்கால் எந்தப் பக்கம், அண்டை வயல் யாருடையது, போன சம்பாவுக்கு என்ன நெல் விதைத்தாய் என்று கேட்டார். அப்பா சொல்லச் சொல்ல எழுதினார். நியாயம் தெரிந்து எழுதவில்லை, கூட்டத்தைப் பார்த்து எழுதினார். அதனால் பதிவேட்டை வாங்கி இரண்டு முறை படித்தேன். அப்பாவின் பெயரும் புல எண்ணும் சரியாக இருந்த பிறகுதான் கைநாட்டு வைக்கச் சொன்னேன்.