மேசைமேல் இருந்த பஸ் நிலையம்

யோகேஸ்வரி தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியளவே தடிமனுள்ள கம்பிகளை ஒட்டியவள். தொழிற்சாலை மூடியதும், அந்தக் கையை நம்பித்தான் கூலிம் டவுன் காட்சிக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். கூரை ஒழுகி நனைந்துபோன குட்டி நகர மாடலைப் பழுதுபார்க்கும் வேலை. எட்டடி மேசையில் டவுன் முழுவதும் இருந்தது. எந்தக் கட்டடத்துக்கு நேரே டேப்லெட்டைப் பிடித்தாலும், அந்த இடத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் திரையில் எழுந்து நிற்பார்.

பஸ் நிலையத்தில் நிற்பவர் அவள் கணவர் தர்மலிங்கம். கம்பெனி பஸ் ஓட்டியவர். மாரடைப்பில் போய் இரண்டு வருடம். காட்சிக்கூடத்துக்காகத் தன்னைப் படம் பிடித்ததை அவர் சொன்னதேயில்லை. சாவுக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஊறி உப்பிய நிலையத்தை டேப்லெட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கூரையைப் புதிதாக வெட்டி, தூண்களை ஒவ்வொன்றாக நட்டாள். ஒன்பதாம் நாள் சீருடையோடு அவர் திரையில் வந்தார்.

"ஏறுங்க, ஏறுங்க! ஷிப்டுக்கு லேட்டாச்சிலா!"

பதினேழு வினாடி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மறுமாதம் பொறுப்பாளர் அய்யூப் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, பஸ் ஸ்டேஷன இடிக்கப் போறாங்க. மாடல்லயும் எடுத்துட்டு புதுசு வைக்கச் சொல்லிட்டாங்க."

"அப்ப அவரு?"

"கட்டடம் போனா அவரும் வரமாட்டாருக்கா. முழு வீடியோ இருக்கு, போனுக்கு அனுப்பறேன்."

முழு வீடியோ ஆறு நிமிடம். கடைசியில் தர்மலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்லா தம்பி. எங்க வீட்டுக்காரி பேக்டரி வாசல்ல நிப்பா. மழை வேற. அவளுக்கு முட்டி வலி."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. நாற்பது நிமிடம் நனைந்த ஆத்திரத்தில், எங்கே போனீர்கள் என்றுகூடக் கேட்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று அவர், அவள் தலை துவட்டத் துண்டை எடுத்து நீட்டினார்.

"வேற ஆள விட்டு எடுக்கச் சொல்லவாக்கா?" என்றார் அய்யூப்.

"வேணாம். நானே எடுக்கறேன்."

மெல்லிய கத்தியை அடியில் விட்டு நிலையத்தைப் பெயர்த்தாள். ஒரு தூண் மட்டும் மேசையோடு ஒட்டிக்கொண்டது. அதையும் சுரண்டித் துடைத்துவிட்டு, புதிய கட்டடத்துக்கு அளவெடுக்கக் குனிந்தாள். அளவுகோலில் எண்கள் கலங்கித் தெரிந்தன. அய்யூப் பக்கத்தில் வந்து, அவளுக்காக ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்.