ராட்டினத் தோட்டத்து வருஷப் பாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவன் சோற்றில் கை வைக்காமல் போனைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தான். குடும்பத்தோடு அவர்கள் அடிக்கடி போகிற கேளிக்கைப் பூங்காவில் வருஷப் பாஸ் விலையை மறுபடியும் ஏற்றிவிட்டார்களாம்.

“கூட்டம் சாஸ்தியாயிருச்சாமா பெரியம்மா. வெலைய ஏத்துனா கொறையுமாமா. வர்றவங்க நிம்மதியா இருக்கலாமாமா.”

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவனுடைய மகள் என் தலையைத் தட்டிவிட்டு, தன் பாஸைக் கொண்டுவந்து காட்டினாள். வாங்கி மோந்து பார்த்தேன். படம் ஒட்டிய அட்டை எது கைக்கு வந்தாலும் மோந்து பார்ப்பது எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். வீட்டில் யாரும் இப்போது அதற்குச் சிரிப்பதுகூட இல்லை. இந்த அட்டைக்கு வாசனையே கிடையாது. நான் ஒட்டிய பாஸ்களுக்கு மைதாப் பசையின் வாசனை இருந்தது. மழைக்காலமென்றால் கொஞ்சம் புளித்திருக்கும்.

ஆமாம், நம்புங்கள். எழுபதுகளின் நடுவில், மாநில எல்லையோரம் இருக்கிற எருத்தேன்பதிக்குப் பக்கத்தில், ஒரு பூங்காவுக்கு வருஷப் பாஸ் ஒட்டிக் கொடுத்தவள் நான்.

அந்தப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் எங்கோ பெரிய நகரத்துக்குப் போய் ஒரு பூங்காவைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். நிலக்கடலைகூட ஒழுங்காக விளையாத கல்லாங்காட்டில் கம்பிவேலி போட்டு, பொள்ளாச்சியில் நொடித்துப்போன கண்காட்சிக்காரர் ஒருவரிடமிருந்து ராட்டினமும் மரக்குதிரைகளும் வாங்கி இறக்கினார். பழைய டிராக்டருக்குத் தகரச் சட்டை மாட்டி, அதுதான் ரயில் என்றார். பலகையில் பூங்காவுக்கு அவருடைய மனைவி பெயர். ஊர் வைத்த பெயர் ராட்டினத் தோட்டம். பள்ளிப் படிப்பும் தட்டச்சும் முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காகக் காத்திருந்த எனக்கு வாசல் அறையில் வேலை கிடைத்தது. கலெக்டர் உத்தியோகம் கிடைத்தமாதிரி கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போவேன். ‘பாஸ் அம்மிணி’ என்றுதான் ஊரில் கூப்பிட்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வருஷம் ஒரு குடும்பத்துக்குப் பத்து ரூபாய் பாஸ். குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். பக்கத்து டவுனான சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தார்கள். பாதிப் பேருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் படம். போலீஸ் பிடித்து நிறுத்தினமாதிரி விறைத்திருப்பார்கள். அப்புறம் வந்தது பாருங்கள் கூட்டம்! சோற்றுச் சட்டியோடு வருவார்கள். மரக்குதிரைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்குவார்கள், பேன் பார்ப்பார்கள், பெண் பேசி முடிப்பார்கள். மில்லுக்காரருக்கு வயிறு எரிந்தது. குடை பிடித்த சீமாட்டிகள் பூக்களைப் பார்த்தபடி நடப்பார்கள் என்று அவர் கற்பனை செய்திருந்தார். சீமாட்டிகளும் வரவில்லை, பூவும் இல்லை.

ராட்டினத்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் சுடலைமுத்து அண்ணன். சித்திரபுரம் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். குளிர் ஒத்துக்கொள்ளாமல் மலையிறங்கி வந்தவர். அவர்தான் ஒருநாள் சொன்னார்.

“யம்மா, அந்தப் பச்சச் சேலைக்காரி ஞாயித்துக்கெழம தவறாம நாலு மணிக்கு வந்து ஏறுதா. உச்சிக்குப் போனதும் கெழக்க பாத்துக் கைய ஆட்டுதா. யாருக்குன்னு கேளேன்.”

கேட்டேன். அவள் பெயர் பழனாத்தாள். முப்பது வயதிருக்கும்.

“எங்கம்மாளுக்குங்க அம்மிணி” என்றாள்.

பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு மைல்கூட இருக்காது. அவள் அண்ணனுக்கும் புருஷனுக்கும் கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் தகராறு. ‘அந்த ஊட்டு வாசப்படிய மிதிச்சீன்னா இங்க வராத’ என்று புருஷன் சொல்லி மூன்று வருஷமாகியிருந்தது. ராட்டினத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் அந்த ஓட்டுவீடும் வாசலில் நிற்கிற அம்மாவும் கடுகளவுக்குத் தெரியும். யார் மூலமோ சேதி போய், அம்மாவும் நாலு மணிக்கு வாசலுக்கு வந்து நிற்பாளாம். அவளுக்குக் கண் மங்கல். மகள் முகமெல்லாம் தெரியாது. நாலு மணிக்குச் சக்கரம் சுற்றினால் மகள் அதில் இருக்கிறாள் என்று கணக்கு.

அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் தொட்டில் உச்சிக்குப் போனதும் சுடலைமுத்து அண்ணன் ராட்டினத்தை நிறுத்திவிடுவார். மற்ற தொட்டில்களிலிருந்து கத்துவார்கள். “எஞ்சின் மூச்சு வாங்குது, பொறுங்க” என்பார். அதன்பிறகு சக்கரம் நின்றால் மகள் மேலே இருக்கிறாள் என்று அம்மாவுக்குக் கணக்கு.

அடுத்த வருஷம் மில்லுக்காரர் என்னை அழைத்தார்.

“கூட்டம் சாஸ்தியாப் போச்சு அம்மிணி. பாஸ் இனி இருவத்தஞ்சு. வெல ஏறுனாத்தான் நல்ல சனம் வரும்.”

நல்ல சனம் என்றால் யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தட்டச்சில் ‘இருபத்தைந்து’ என்று அழகாக அடித்தேன். நடந்தது என்ன தெரியுமா? கொடுத்த காசுக்கு வசூல் செய்தே தீருவது என்று ஏழு நாளும் வந்தார்கள். இரண்டு மணி நேரம் இருந்தவர்கள் பொழுது சாயும்வரை அசையவில்லை. தொட்டிலுக்கு அடிதடி. மூளையுள்ளவர் அங்கே நின்றிருப்பார். இவர் மறு வருஷம் அறுபது ஆக்கினார். தினச் சீட்டையும் எடுத்துவிட்டார். ‘பிரவேசனம் பாஸ் உள்ளவர்க்கு மட்டும்’ என்று வாசலில் பலகை வந்தது. உள்ளே நுழைவதைக்கூட அப்படி மிடுக்காகச் சொன்னால்தான் எங்கள் பக்கத்துப் பலகைகளுக்குத் திருப்தி. அவர் ஆசைப்பட்ட நல்ல சனமும் ஜீப்பில் வந்தது, ஒரு தடவை. “ஒரே தூசி” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனது.

பழனாத்தாள் இருபத்தைந்துக்கு ஓர் ஆட்டுக்குட்டியை விற்றிருந்தாள். அறுபதுக்கு அவளிடம் எதுவுமில்லை. பழைய பாஸை என் ஜன்னலில் நீட்டினாள்.

“நாந்தானுங்களே இது? மூஞ்சி மாறிப்போச்சுங்களா?”

“ரூல் இருக்குதுங்க்கா” என்றேன். கஞ்சி போட்ட சேலை அப்படிப் பேசவைத்தது என்று பழியை அதன்மேல் போட்டுப் பார்க்கிறேன். நடக்கவில்லை. சொன்னது நான்தான்.

அவள் வேலிக்கு வெளியே போய் நின்றாள். அன்றைக்கு நாலு மணிக்கு சுடலைமுத்து அண்ணன் ஒரு வெறுந்தொட்டிலை உச்சிக்கு ஏற்றி ராட்டினத்தை நிறுத்தினார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். அது மில்லுக்காரர் காதுக்கு எட்டி, மறுவாரத்திலிருந்து யாரும் ஏறாமல் எஞ்சினைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

ஆனால் வெளியே நின்றது அவள் மட்டுமல்ல. பாஸ் வாங்க முடியாத ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் அங்கேதான் வந்து நின்றது. நிற்கிற இடத்துக்கு வேர்க்கடலைக்காரர் வந்தார், வளையல்காரர் வந்தார், சைக்கிளில் ஐஸ் பெட்டி வந்தது. ஒரே மாதத்தில் வேலிக்கு வெளியே, புளியமரத்தடியில் திருவிழா. உள்ளே காலித் தொட்டில்கள். காசு கட்டியவர்கள்கூடக் கடலை வாங்க வெளியே வந்து, திரும்பி உள்ளே போக மறந்தார்கள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழவி தடியூன்றி என் ஜன்னலுக்கு வந்தாள்.

“ஏஞ்சாமி, இந்தச் சக்கரத்துல எம்பட மக வருவாளே. நாலு வாரமா நிக்கவே மாட்டீங்குது. அவளுக்குச் சீக்கு ஏதாச்சுமுங்களா?”

அறையைப் பூட்டவில்லை. வாசலையும் சாத்தவில்லை. அவள் கையைப் பிடித்துப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். பழனாத்தாள் திரும்பிப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்தேன்.

“எளைச்சுப் போனயே சாமி” என்றாள் கிழவி.

“நீ மட்டுமென்ன” என்றாள் மகள்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையை உரித்து ஒருவர் வாயில் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வாராவாரம் அங்கேதான். சேதி புருஷனுக்குப் போனது. அவரும் ஒருநாள் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் அவருடைய அம்மா கேட்டதற்கு, “அவ எங்க அந்த ஊட்டுக்குப் போனா? ராட்டினம் பாக்கத்தான போனா” என்றாராம்.

மில்லுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. துரத்திய கூட்டம் வாசலிலேயே உட்கார்ந்து ஓசியில் வேடிக்கை பார்க்கிறதே! வேலி முழுக்கத் தகரம் அடித்தார், ஆள் உயரத்துக்கு. எனக்கு அன்றைக்கு மட்டும் வாய் வந்தது.

“ராட்டினம் அதவிட ஒசரமுங்களே.”

சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

ஒரு வருஷத்துக்குள் பூங்காவை மூடினார்கள். ராட்டினம் பழைய இரும்புக்குப் போனது. “குளிரே தேவலம்மா” என்று சொல்லிவிட்டு சுடலைமுத்து அண்ணன் மலையேறிவிட்டார். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் சனமும் நிற்கவில்லை. அப்போது பழனாத்தாள் என்ன செய்தாள் என்பதை என் கல்யாணப் பந்தலில் அவளே சொன்னாள். அடுத்த ஞாயிறு தலை சீவி, பச்சைச் சேலை கட்டி, வண்டிக்கு மாடு பூட்டிக்கொண்டிருந்த புருஷன் முன்னால் போய் நின்றிருக்கிறாள். சாக்குச் சொல்ல ராட்டினம் இல்லை.

“எங்கம்மாளப் பாக்கப் போறனுங்க.”

அவர் நுகத்தடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வெயில் தாழப் போ” என்றாராம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். கல்லாங்காட்டை மட்டம் செய்து தென்னை வைத்திருக்கிறார்கள். சுற்றி மதில். புளியமரம் இருந்த இடத்தில் சாலை அகலமாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான், நாலு மணிதான். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். ஒரு மனிதர் இல்லை. போனில் பாஸ் வாங்கிக்கொண்டு எல்லோரும் எங்கெங்கோ வரிசையில் நிற்கப் போயிருப்பார்கள். கூட்டமே இல்லாத நிம்மதியான இடம் வேண்டும் என்று மில்லுக்காரர் எவ்வளவு பாடுபட்டார்! அவருடைய கல்லாங்காடு இப்போது அப்படித்தான் இருக்கிறது. அதை அனுபவிக்க அவர்தான் இல்லை.