வியன்னாவில் எட்டு மணி போன்

காலை ஏழு பத்துக்கு வியன்னாவில் இறங்கினோம். என் கைக்கடிகாரத்தில் பத்து நாற்பது. நம்மூருக்கும் அந்த ஊருக்கும் ஜூன் மாதத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம். முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். நான் திருப்பவில்லை. முந்தின நாள் திருச்செங்கோட்டில் வீட்டைப் பூட்டி, நூற்றுப் பத்து கிலோமீட்டர் காரில் கோவை போய், அங்கே விமானம் ஏறி, அபுதாபியில் மாறி, ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் வந்த உடம்பு. கடிகாரமாவது நம்மூரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரிக் வண்டி வைத்திருக்கிறார்; ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற தொழில். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும் அவரைப் பார்த்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் வண்டி வீடு திரும்பும். வந்த முதல் நாள் முழுக்கத் தூங்குவார். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மறுநாள் எழுந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார். இப்படி எத்தனை முதல் நாள் போயிற்றோ, யார் கண்டது!

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் எங்கள் இருபத்தைந்தாவது வருடத்துக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். ஆறு நாள். ஊர் திரும்பிய பத்தாவது நாள் அவர் புது ரிக்கோடு தான்சானியா போகிறார். இரண்டு வருடம் என்று பேச்சு. நடுவில் வருவாரா, எப்போது வருவார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்கக் கூடாது. கல்யாணமான மாதமே மாமியார் சொல்லிவிட்டார்: வண்டிக்குப் போகிறவரை எப்போ வருவீர்கள் என்று கேட்டால் பயணம் இழுத்துக்கொள்ளும், போகிற ஆளுக்கும் ஆகாது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவர் போன் வரும். மகளின் மார்க், மாட்டுக்குத் தீவனம், மோட்டார் ரிப்பேர் என்று எல்லாம் பேசுவேன், அது ஒன்றைத் தவிர. கடல் தாண்டி வந்தாயிற்று, மாமியார் சட்டம் இங்கே செல்லாது, முதல் நாளே கேட்டுவிட வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். அதற்கு மனுஷர் முழித்திருக்க வேண்டுமே!

விமான நிலையத்திலிருந்து ஓட்டல் இருபது கிலோமீட்டர், டாக்சிக்கு நாற்பது யூரோ. ஓட்டுநர் பஞ்சாப்காரர். இவர் உடனே இந்தியில் ஆரம்பித்துவிட்டார். உங்கள் ஜில்லாவில் இப்போது எத்தனை அடியில் தண்ணீர் என்று இவர் கேட்க, அவர் தன் அண்ணன் தோட்டத்து போர் காய்ந்துபோன கதையைச் சொல்ல, ஓட்டல் வந்துவிட்டது. வியன்னாவின் கோபுரங்களை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மணி ஒன்பது. அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்றாள் ஓட்டல் பெண். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, இன்றைக்குப் பகலில் தூங்கிவிடாதீர்கள், தூங்கினால் நாலு நாளைக்கு உடம்பு சரிப்படாது என்று எச்சரித்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். நான் இவரிடம் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

டிராமில் ஏறினோம். ஏறின இரண்டாவது நிமிடம் இவருக்குக் கண் சொருகிவிட்டது. ரிக் வண்டிக் கம்ப்ரசர் சத்தத்தில் தூங்கிப் பழகினவர். சத்தம் ஓடினால் தூங்குவார், நின்றால் திடுக்கிட்டு எழுவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழித்து, "ஏன், என்னாச்சு?" என்பார். வண்டி கிளம்பினதும் மறுபடி தலை சாயும். எதிரில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அரண்மனைத் தோட்டத்தில் நடந்தோம். ரோஜா வரிசை வரிசையாக நின்றது. நம்மூர்க் கத்தரி வெயிலைத் தாங்கினவளுக்கு அந்த வெயில் வெயிலே இல்லை. இப்போது கேட்கலாம் என்று வாயெடுத்தேன். இவர் தோட்டக்காரரிடம் போய், செடிக்குத் தண்ணீர் போரா, ஆற்றுத் தண்ணீரா என்று கை ஜாடையில் விசாரித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் உருளைக்கிழங்கும் காய்கறி சூப்பும் ரொட்டியும் இரண்டு பேருக்குமாக இருபத்தாறு யூரோ. சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கப் பார்த்தார். சுடச்சுட காபி வாங்கிக் கொடுத்து எழுப்பினேன்.

மூன்று மணிக்கு அறை கிடைக்கும் என்று தெரிந்தும் ஓட்டலுக்குத் திரும்பவில்லை. கட்டிலைப் பார்த்தால் அன்றைய நாள் போச்சு. டான்யூப் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். பள்ளிபாளையம் பாலத்தடியில் காவிரி நிறைந்து போகும்போது இருக்குமே, அந்த அகலம். கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்போது கேட்டுவிடலாம், இரண்டே வார்த்தை என்று நினைத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. காலையிலிருந்து அவரைத் தூங்கவிடாமல் இழுத்தடித்தவள், நான் தூங்கிப்போனேன்.

போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்துக் காதில் வைத்தேன். திருச்செங்கோட்டில் எங்கள் கூடத்தில் இருப்பதாகவே நினைப்பு.

"சாப்டயா, சாமி?"

"ஆச்சுங்க."

"அப்பறம்?"

எந்தச் சாமி என் நாக்கில் வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை. "எப்ப வாரீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தால், வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. என் சேலைக்குமேல் அவருடைய ஸ்வெட்டர். என் தலை அவர் தோளில். தன் மறு காதில் போனை வைத்துக்கொண்டு அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கடிகாரத்தில் மணி எட்டு.

வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்குப் போன் என்று கோபித்துக்கொண்டேன். தூக்கத்திலேயே நான் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேனாம். என்ன இது என்று என் கடிகாரத்தைப் பார்த்தால் எட்டு ஆகப்போகிறதாம், அதனால்தான் போன் போட்டுப் பார்த்தாராம். இத்தனை வருடம் எட்டு மணிக்குப் போனின் இந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார்.

என் பக்கம் திரும்பினார். "இருபத்தஞ்சு வருசத்துல நீ ஒருநாளும் கேக்கலியே. நா வந்தாலும் வராட்டியும் உனக்கு ஒண்ணுதானாக்கும்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மாமியார் சொன்னதைச் சொன்னேன். அம்மா இறந்தே பதினோரு வருடம் ஆயிற்றே என்றார். ஆனால் என்ன, வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எந்தத் தைரியத்தில் கேட்பது? வண்டியை விட்டு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவர் கை கால் சுகமாக இறங்கினாரே, அது நான் வாயை மூடியிருந்ததால்தான் என்று நம்பியிருந்தேன்.

அறைக்குத் திரும்ப இரண்டு கிலோமீட்டர். நடந்தே போனோம். இந்நேரம் எங்கள் தெருவில் இருட்டி, வாசல் விளக்கெல்லாம் எரியும். இங்கே சூரியன் இறங்குகிற யோசனையே இல்லாமல் நின்றது. எனக்கும் அன்றைக்குப் பகல் முடிய வேண்டாம் போலத்தான் இருந்தது. தான்சானியா வேலையை விட முடியாது, வண்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்றார். போக வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பாலம் தாண்டும்போது கேட்டேன்.

"எப்ப வாரீங்க?"

"பொங்கலுக்கு வந்தர்றேன்."

சிக்னலில் நிற்கும்போது மறுபடி கேட்டேன். பொங்கலுக்கு என்றார். ஓட்டல் வாசலில் கேட்டேன், லிப்டில் கேட்டேன். இருபத்தைந்து வருடக் கேள்வி, ஒரு நாளில் தீருமா? ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.