கையுறையும் வாழைப்பழமும்

ரப்பர் கையுறைக்கும் வாழைப்பழத்துக்கும் உறவு உண்டு என்றால் சிரிப்பீர்களா? அப்படியானால் இந்தப் பல் மருத்துவமனையின் பின்னறைக்கு வாருங்கள். புதிதாக வந்த கையுறைப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, நாலு பக்கமும் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். 'ரப்பர் பால் இல்லாதது' என்ற வரியைக் கண்ட பிறகுதான் பெட்டி அலமாரியில் ஏறும். "எங்க வீட்டுக்காரரக்கூட நான் இவ்வளவு விசாரிக்கல" என்பார்.

சிகிச்சைக்கு வரும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பல்லக்கா. மருத்துவருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதும், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும் அவர் வேலை. "நீ அழறதப் பாத்து உன் பல்லே சிரிக்குதுடா" என்றால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை பாதியில் நின்றுவிடும்.

ரப்பர் கையுறை போட்டு வேலை செய்த நாட்களில், முதலில் அவருக்குக் கைதான் அரித்தது. பிறகு, ஆசையாகத் தின்னும் வாழைப்பழம் நாக்கைக் குத்தியது, உதடு தடித்தது. வீட்டில் "கண்ணு பட்டிருக்கு" என்றார்கள். இதனால் அடிக்கடி விடுப்பு எடுத்தவரிடம் மேலாளரோ, "இன்னொரு தடவ லீவு கேட்டா வேற ஆள் பாத்துக்குவோம்" என்றார்.

கண்ணும் படவில்லை, கல்லும் படவில்லை. ஒவ்வாமை மருத்துவர் சோதித்துச் சொன்னார்: ரப்பர் மரப்பாலில் உள்ள சில புரதங்களுக்கும் வாழைப்பழத்தில் உள்ள சிலவற்றுக்கும் ஒரே சாயல். ஒன்றைப் பகையென்று முடிவுகட்டிய உடம்பு, அதே சாயலில் வரும் இன்னொன்றையும் அடிக்கக் கிளம்புகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்பதை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும், பக்கத்து மேசைக்காரர் அல்ல.

ஆனால் பக்கத்து மேசை சும்மா இருக்குமா? வரவேற்பில் உட்காரும் பெண் சீண்டினாள்: "வாழப்பழத்துக்குப் பயப்படுற ஆள இப்பத்தான்க்கா பாக்குறேன்."

"பாத்துட்டேல்ல? டிக்கெட் எடுத்துட்டுப் போ."

மறுநாள் அவள் மில்க் ஷேக்கில் வாழைப்பழத்தை அரைத்து, மணம் தெரியாமல் சாக்லேட்டைக் கொட்டி நீட்டினாள். தெரியாமல் குடித்தால் ஒன்றும் ஆகாது, நடிப்பின் சாயம் வெளுத்துவிடும் என்று நினைப்பு. இரண்டு மடக்கில் பல்லக்காவின் தொண்டை அடைத்தது, மூச்சு விசிலடித்தது. பல் மருத்துவர் ஓடிவந்து தொடையில் ஊசி போட்டதால் பிழைத்தார்.

இதற்கு விளையாட்டு என்றா பெயர்? ஒருவருடைய உடம்பு சொல்வதைப் பொய்யென்று நிரூபிக்க இன்னொருவருக்கு யார் உரிமை கொடுத்தது?

பல்லக்கா அவ்வளவு கோபப்படவில்லை. காலடியில் அழுதவளிடம், "எந்திரி. எனக்கே என் ஒடம்பு லேட்டாத்தான் புரிஞ்சுது. இனிமேலாவது கேட்டுட்டுக் கொடு" என்றாராம். அந்த வாரமே மேலாளர் ரப்பர் கையுறைகளை அடியோடு நிறுத்தினார். பல்லக்காவின் வேலை தப்பியது.

இப்போதெல்லாம் வரவேற்புப் பெண் வாழைப்பழத்தை வாசலுக்கு வெளியே நின்றுதான் தின்கிறாள். உள்ளே வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பள்ளிப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டுகிறாள். பல்லக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார். "நகத்த மறந்துட்டியேடி."

அவள் மறுபடி குழாயைத் திறக்கிறாள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர் "எனக்கு ஒத்துக்காது" என்றால், "கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். தட்டை எடுத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.